மதிலுக்கு அடியில் ஒரு வளை

“கையை உள்ள விட்டுப் பாத்தியளா?”

“விட்டேன். முழங்கை வரைக்கும் போவுது. இது மனுசன் தோண்டின குழி இல்லட்டி.”

“முதல்ல கையை வெளிய எடுங்க. கடிச்சிரும்.”

“கடிச்சா எலிண்ணு தெரியும். கடிக்கல்லேண்ணா ஜெபமணியக்காண்ணு சொல்லுவியா?”

வீட்டுக்குப் பின்னால், மரச்சீனிக் கிழங்குச் செடிகளுக்கு நடுவே குப்புறப் படுத்துக் கிடந்தான் இசபெல்லின் கணவன் டைட்டஸ். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், சனிக்கிழமை லீவு. பக்கத்தில் அவன் இப்போதுதான் பிடுங்கிய ஒரு மூடு கிடந்தது. மேலே குடை மாதிரி பச்சை இலை, கீழே ஒரே ஒரு பாதிக் கிழங்கு. அந்தப் பாதியில் உளியால் கொத்தியதுபோல இரண்டிரண்டாகப் பல் தடம்.

அந்தத் தடத்தைப் பார்த்ததும் இசபெல்லின் கண் அடுத்த வீட்டு மதில் பக்கம் போனது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் முதல் மூட்டைப் பிடுங்கியபோதும் இதே கதைதான். இலை வாடவில்லை, தண்டு சாயவில்லை, கிழங்கை மட்டும் காணோம். மழையில் மண் இறங்கியிருந்ததால் வளை கண்ணில் படவில்லை. இவ்வளவு நேர்த்தியான கை ஒருத்திக்குத்தான் உண்டு என்று இசபெல் முடிவு செய்தாள். அடுத்த வீட்டு ஜெபமணியே ஒருநாள் துணி துவைத்துக்கொண்டு சொன்னதுதான். அருமனையில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மாமாவின் விளைத் தோட்டத்தில் மண்ணைப் பக்கவாட்டில் கிளறி, கிழங்கை மட்டும் ஒடித்தெடுத்து, திரும்ப மூடிவிடுவாளாம். “மூட்டுக்கே தெரியப்பிடாது இசபெல்லு” என்று அவள் இரண்டு விரலை ஆட்டிக் காட்ட, இருவரும் சிரித்த சிரிப்பில் சோப்பு கிணற்றுக்குள் விழுந்தது.

அந்தச் சிரிப்பை இசபெல் சாட்சியாக்கினாள். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் ஆன்ட்ரூஸின் முன்னால், நாலு பெண்கள் சாளை பொறுக்கிக்கொண்டிருக்க, “சிலருக்குச் சின்னதிலயே பழகின கையாக்கும்” என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னாள். ஜெபமணி எடுத்த மீனைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டு நடந்தாள்.

அதோடு சனிக்கிழமைகள் போயின. சனிக்கிழமை என்றால் இந்தப் பக்கத்திலிருந்து அவித்த மரச்சீனி, அந்தப் பக்கத்திலிருந்து மீன்குழம்பு. மதிலில் மூன்று கல் பெயர்ந்த இடைவெளி வழியாகச் சட்டிகள் போய்வரும். பத்து வருடப் பழக்கம். மறுநாள் காலையில் அந்த இடைவெளியில் ஒரு கற்றாழைத் தொட்டி உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து டைட்டஸ் வைக்கிற குழம்புதான். அது நல்ல சிவப்பாக இருக்கும். அதற்குமேல் அதைப் புகழ ஒன்றுமில்லை.

“தண்ணி ஊத்திப் பாப்பம்” என்று டைட்டஸ் எழுந்தான்.

முதல் வாளியைக் குழி சத்தமில்லாமல் குடித்தது. இரண்டாவதையும் குடித்தது. இசபெல்லுக்கு அந்த மண்ணுக்குள்ளே வளைந்து வளைந்து போகும் தாழ்வாரங்கள் தெரிந்தன. கிழங்கு அடுக்கிய அறைகள். கடைசி அறையில் யாரோ அவசரமாகச் சாமான் கட்டுகிறார்கள். மூன்றாவது வாளிக்கு, தூரத்தில் கொளக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

“அய்யோ கர்த்தாவே!” மதிலுக்கு அப்பால் ஜெபமணி அலறினாள். “துவைக்கிய கல்லுக்கு அடியில ஊத்து பொட்டுதே!”

கோழிகள் சிதறின. டைட்டஸ் மதிலில் தொற்றி எட்டிப் பார்த்தான். “பெருச்சாளியாக்கும். பூனைக்க அளவு இருக்கு. ஓடக்கூட இல்லட்டி, நடந்து போவுது. அந்தா, ரப்பர் விளைக்குள்ள போயாச்சு.”

இசபெல் மதிலோரம் போய்க் காதைக் கொடுத்தாள்.

“ஏ கோழியளே,” என்றது ஜெபமணியின் குரல், நிதானமாக, ஆனால் மதிலைத் தாண்டும் அளவுக்கு. “இஞ்ச வந்து பாருங்க. தண்ணியோட கிழங்குத் துண்டெல்லாம் தள்ளி வருது. எல்லாத்துலயும் பல்லு. எனக்க பல்லா இது? எனக்கு முன்னால ரெண்டு பல்லு இல்லேண்ணு ஊருக்கே தெரியுமே.”

டைட்டஸ் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

“களவு போன கிழங்கு கள்ளிக்க வீட்டுல தான் இருந்திருக்கு. போலீசுக்கு ஆராவது போன் போடுங்க” என்று அந்தக் குரல் தொடர்ந்தது.

“சிரிக்காதிங்க” என்று இசபெல் கிசுகிசுத்தாள். அவளுக்கும் சிரிப்பு முட்டியது. கண்ணும் கலங்கியது.

“ஏட்டி, வளைக்கு ரெண்டு வாசல். நாம இஞ்ச மட்டும் அடைச்சா, அது அக்காளுக்க வாசல் வழியா வந்து குடியேறிரும். ரெண்டு பக்கமும் கல்லு போட்டு அடைக்கணும். போய்ச் சொல்லு.”

“நீங்க சொல்லுங்க.”

“தண்ணி ஊத்தினது நான். மீன்காரனுக்க முன்னால பேசினது நீயாக்கும்.”

இசபெல் அடுக்களைக்குப் போனாள். எலி தொடாத மூட்டிலிருந்து காலையில் எடுத்த கிழங்கு வெந்து மலர்ந்திருந்தது. நீரை வடித்து, தேங்காயும் பச்சைமிளகாயும் சதைத்துப் போட்டுக் கிளறி, பழைய சனிக்கிழமைச் சட்டியில் அள்ளினாள். வாழையிலையால் மூடி எடுத்துக்கொண்டு மதிலருகே வந்தாள். இரண்டு மாதத்தில் கற்றாழை இரண்டு குட்டி போட்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மாங்காய் போட்ட சாளைக் குழம்பின் மணமும், மண் வெட்டும் சத்தமும் வந்தன.

“அக்கா.”

மண்வெட்டி நின்றது.

“நான் பேசினது தப்பு. திங்கக்கிழமை ஆன்ட்ரூஸ் வரும்ப, அதே நாலு பேருக்க முன்னால சொல்லுதேன், எலிதாண்ணு.”

ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது. சட்டியின் சூடு விரலைச் சுட்டது. இசபெல் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தத் தொட்டிய இத்திரி தள்ளி வைப்பியளா அக்கா? சட்டி கடக்காது.”