பெரியவர்களுக்கான பூட்டு

1

பின்கழுத்தில், தோள்பட்டை இரண்டும் வந்து சேருகிற இடத்தில், கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு வலி. ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற எல்லோருக்கும் இது உண்டு. மெஷினை நிறுத்திவிட்டுக் கழுத்தை இடமும் வலமும் திருப்பினேன். அப்படித் திருப்பியபோதுதான் கட்டிங் மேஜைக்கு அடியில் பக்கத்து மெஷின்காரியின் மகள் அரூகே தெரிந்தாள். துணி மூட்டையில் சாய்ந்து, கைபேசி வெளிச்சம் முகத்தில் விழ, கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கதைக்காக எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதியை ஒட்டுப்போட்டுத் தைக்கவேண்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பிஷ்கெக் நகரில் மெல்லப் பனி விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில்" [அடித்துவிட்டேன். எங்கள் தையல்கூடம் தரைக்குக் கீழே. பனி விழுகிறதா என்பது வருகிறவர்களின் பூட்ஸைப் பார்த்தால்தான் தெரியும்.]

அடுத்து: "குழந்தை கையில் கைபேசியைக் கொடுக்கலாமா என்ற கேள்வி இன்று உலகமெங்கும்" [இதையும். அப்படிக் கேட்கிறவர்களுக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வர ஓர் இடம் இருக்கிறது.]

2

பெரிசாத்தைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து மெஷின்காரி. காலர் வைப்பாள். நரீன் மலைப்பக்கம் ஊர். கணவன் மாஸ்கோவில் கட்டட வேலை. மகள் அரூகேவுக்கு ஐந்து வயது. முதல் பிள்ளையைப் புருஷனுடைய பெற்றோர் எடுத்து வளர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர்கள் கேட்டார்கள், இவள் கொடுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு வந்துவிட்டாள். நரீனிலிருந்து போன் வரும்போதெல்லாம் மாமனார் கேட்பது ஒன்றுதான்: "எப்ப கொண்டாந்து விடுற?"

தையல்கூடம் குலீபா அக்காவுடையது. [முதல் வரைவில் அவளைக் கொடுமைக்காரியாக எழுதினேன். கதை வேகமாக ஓடியது. ஆனால் எங்கள் அடுப்புக்கு நிலக்கரி வாங்கிப்போடுகிறவளும் அவள்தான். நிறுத்திவிட்டேன்.] அரூகே ஒருநாள் நீராவி இஸ்திரிப்பெட்டியைத் தொட்டு விரல் கொப்புளித்த பிறகு குலீபா அக்கா சொன்னாள்:

"இந்தா பாரு பெரிசாத், இன்னொரு தடவ புள்ள இஸ்திரிப் பக்கம் வந்துச்சுன்னா நானே நரீன் வண்டியில ஏத்திவிட்டுருவேன். மொகம் வெந்துபோனா உன் மாமனாருக்கு யாருடி பதில் சொல்றது?"

ஆக, பிள்ளை மேஜைக்கடியில் அசையாமல் இருந்தால் அம்மாவோடு இருக்கும். அசைந்தால் மலைக்குப் போகும். பெரிசாத் செயலி தேடியது இதற்காகத்தான். அறிவு வளர்வதெல்லாம் அப்புறம்.

3

தேநீர் வேளையில் எல்லோரும் சேர்ந்து தேடினோம். செயலி தேர்ந்தெடுப்பது பற்றி இங்கே ஒரு பத்தி அறிவுரை எழுதலாம் என்று இருந்தேன். [வேண்டாம். நாங்கள் தேர்ந்தெடுத்த லட்சணம் இதுதான்.]

"மீன் புடிக்கிறது வேணாம்டி," என்றாள் காஜா அடிக்கிற பூரூல். "ரெண்டு மீனுக்கு ஒரு விளம்பரம். கடன் வாங்கு, கடன் வாங்குங்குது."

"வாங்கிப் பழகட்டும். பெரியவளானா ஆகும்ல?" என்றாள் இன்னொருத்தி.

"சும்மா இரு. அந்தக் கரடி?"

"எழுத்தத் தப்பா அமுக்கினா கரடி அழுவுது, அக்கா," என்றாள் பெரிசாத். "இவளும் சேந்து அழுவுறா."

"அப்ப பாட்டு மட்டும் பாடுமே, அது?"

"தூங்கிடுறா."

"அதத்தானடி கேட்ட?"

"ராத்திரி பூரா முழிச்சிருக்கா. நீ வந்து பாத்துக்கிறியா?"

கடைசியில் கைபேசிக் கடை எசென் ஒரு முள்ளெலிச் செயலியைப் போட்டுக் கொடுத்தான். எழுத்து, எண், வடிவம். விளம்பரம் கிடையாது. ஒரு மூச்சில் அரைமணிக்கு மேல் கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்ததால் அதற்கும் வழிசெய்தான்.

"அரைமணி ஆனா தானா நின்னுரும், அக்கா. சின்னப்புள்ளையால தொறக்க முடியாத பூட்டு ஒண்ணு இருக்கு. நிக்கிறப்ப உங்க கொரல் வரும். ஒரு வார்த்தை பேசுங்க."

பெரிசாத் வெட்கப்பட்டு, கைபேசியை உதட்டோடு ஒட்டிவைத்துப் பேசினாள்: "போதும் கண்ணு. அம்மாகிட்ட வா. ரெண்டு பேரும் வெளையாடலாம்."*

* என்ன விளையாட்டு என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

4

இந்த இடத்தில் கதை நன்றாகப் போகிறது. எனக்குச் சந்தேகம் வரவேண்டியதும் இங்கேதான்.

அரைமணி முடிந்ததும் முள்ளெலி நிற்கும். குரல் வரும். அரூகே எழுந்து பெரிசாத்திடம் போய்ப் பாவாடையைப் பிடிப்பாள். "இந்தக் கட்டு முடியட்டும்," என்பாள் பெரிசாத், காலரிலிருந்து கண்ணை எடுக்காமல். பீஸ் ரேட்டில் தைக்கிறவள் ஒரு துணிக்கட்டின் நடுவில் எழுந்திருக்க முடியாது. பிள்ளை கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப்போவாள். திரையில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி. எங்களில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. அதன் கீழே பெரிதாக ஒரு கணக்கு. அதை எடுத்துக்கொண்டு பூரூலிடம் வருவாள்.

"ஏழு பெருக்கல் எட்டா? ஐம்பத்தாறு! அஞ்ச அமுக்கு, அப்பறம் ஆறு. ஆங், பாத்தியா!"

முள்ளெலி குதித்துக்கொண்டு திரும்ப வரும்.

துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்குப் பெருக்கல் வாயிலேயே இருக்கும். மறுநாளிலிருந்து போட்டியாகிவிட்டது. ஆறு ஒன்பது என்று பிள்ளை காட்டுவதற்குள் நாலு மெஷினிலிருந்து விடை பறக்கும். நானும் கத்தியிருக்கிறேன்.

"என்னமா சொல்லிக்குடுக்குது பாருடி இந்த எலி! என் அக்கா மவளுக்கும் போட்டுக் குடுக்கச் சொல்லணும்," என்றாள் பூரூல்.

பெரிசாத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நரீனிலிருந்து போன் வந்தபோது, "உங்க பேத்தி பெருக்கல் படிக்கிறா, அத்த," என்றாள். மாமனார் போனை வாங்கி, "அப்படியா? சரி, இருக்கட்டும். அங்கயே படிக்கட்டும்," என்றார். அன்று பெரிசாத் எல்லோருக்கும் சம்சா வாங்கிக்கொடுத்தாள்.

[கதையை இங்கே முடிக்கலாம். படிக்கிறவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். கண்ணைக் கசக்கிய பிள்ளை மட்டும் மேஜைக்கடியிலேயே கிடக்கும்.]

5

எசென் கால்சட்டைக்கு ஜிப் மாற்ற வந்தான். அரூகே கைபேசியை நீட்டினாள். பூரூல் கத்தினாள், "நாப்பத்தெட்டு!"

அவன் சிரிக்கத் தொடங்கி, பிறகு சிரிக்கவில்லை.

"அக்கா, இது பாடமில்ல."

"பின்ன என்னவாம்?"

"பூட்டு. பெரியவங்களான்னு பாக்குறதுக்குக் கேக்குற கணக்கு. ஒவ்வொரு தடவ நீங்க சொல்லும்போதும் இன்னொரு அரைமணி தொறக்குது."

"சின்னப்புள்ளையால முடியாதுன்னியேடா!"

"அதால முடியலையே. நீங்கல்ல தொறந்து விட்டீங்க."

பெரிசாத் மெஷினை நிறுத்தினாள். கட்டின் நடுவில் அவள் நிறுத்தி நான் பார்த்ததில்லை. "காலையிலேருந்து சாயங்காலம் வரைக்குமா?" என்றாள். எசென் கைபேசியை வாங்கி எதையோ தட்டினான். பெரிசாத்தின் குரல் வந்தது: "போதும் கண்ணு. அம்மாகிட்ட வா. ரெண்டு பேரும் வெளையாடலாம்."

அரூகே நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த துணிப்பிசிறைச் சுருட்டிக்கொண்டே, அம்மாவின் அதே தொனியில் சொன்னாள்:

"இந்தக் கட்டு முடியட்டும்."

6

முடிவுகள்.

செயலியை அழித்துவிடுகிறாள். பிள்ளை மேஜையை விட்டு வெளியே வருகிறது. இஸ்திரிப்பெட்டி அங்கேதான் இருக்கிறது. [எழுதத் தொடங்கி, பயந்து நிறுத்தினேன்.]

கணக்கைக் கடினமாக்கச் சொல்கிறாள். பூரூல் அதையும் போட்டுவிடுகிறாள். [சிரிப்பு வருகிறது. பிள்ளைக்கு உதவாது.]

நரீனுக்கு அனுப்பிவிடுகிறாள். அங்கே கண் தெளிந்துவிடும்; வெளியெல்லாம் குதிரையும் புல்லும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே திரையில் அம்மா தெரிவாள். [இதை நல்ல முடிவு என்பவர்கள் இருக்கிறார்கள். பெரிசாத்திடம் நேரில் சொல்லட்டும்.]

வேலையை விட்டுவிட்டுப் பெரிசாத்

[அடுத்த சொல் வரவில்லை. வாடகையை யார் கட்டுவது என்று தெரியாமல் எழுத முடியாது.]

நடந்ததைச் சொல்கிறேன். எசென் ஜிப் மாற்றியதற்குக் கூலி கொடுத்துவிட்டுப் போனான். நாங்கள் கணக்குச் சொல்வதை நிறுத்திவிட்டோம். மாலைவரை அரூகே கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மெஷினாக வந்தாள். எல்லோரும் தலையைக் குனிந்து தைத்தோம். பெரிசாத் அந்தக் கட்டை முடித்தாள். அதற்குள் குலீபா அக்கா அடுத்த கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

முடிவு உங்களுடையது, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் ஒரு பாக்கி அப்படியே நிற்கும். பெரிசாத் தன் மகளுக்கு ஒரு விளையாட்டு தரவேண்டும். இன்னும் தரவில்லை.