ஸ்டார்ட்டருக்கு ஒரு கைப்பிடி

விடிந்தும் விடியாததுமாக மோட்டார் ரூமுக்குள் நுழைந்து, ஸ்டார்ட்டரில் பெண்டாட்டி மாட்டியிருந்த கட்டையை ரத்தினசாமி கழற்றினான். தான் செய்த இரும்புக் கைப்பிடியைப் பழையபடி முடுக்கிவிட்டு, வெளியே போய்ச் சன்னலோரம் ஒளிந்துகொண்டான். கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற பெரிய மேஸ்திரி செய்கிற காரியமா இது!

எழுபத்து நாலாம் வருசம்தான் அவர்கள் தோட்டத்துக்குக் கரண்ட் வந்தது. கைப்பிடியைச் சட்டென்று கீழே இழுத்தால்தான் மோட்டார் பிடிக்கும். அவனைப் பெற்ற அய்யன் காளிச்சாமிக்கு எழுபது தாண்டிவிட்டது, வாதத்தில் விரல்கள் முறுக்கிக்கொண்டன. யாராவது வந்து இழுத்துவிட மாட்டார்களா என்று வரப்பில் நிற்பார். அது பொறுக்காமல்தான் ரத்தினசாமி ஒரு வாரம் மெனக்கெட்டு நீளமாக ஒரு கைப்பிடி கடைந்தான். அவன் இழுத்தபோது பூப்போல இறங்கியது. "நல்லாருக்குதா அய்யா?" என்றான். "நல்லாருக்குதுப்பா" என்றார் அவர். மறுநாளும் வரப்பில்தான் நின்றார்.

பிறகு பெண்டாட்டி கருப்பாத்தாள் ஒடிந்த உலக்கைத் துண்டில் பழஞ்சேலையைச் சுற்றி, மணிக்கட்டை நுழைத்துக்கொள்ள ஒரு கயிற்று வளையமும் கட்டி மாட்டினாள். அவ்வளவுதான். அய்யன் வேண்டும்போதெல்லாம் தானே மோட்டார் போட்டார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "எம் மருமவ செஞ்சது" என்றார். பட்டறைக்கே வந்து மாரப்பக் கவுண்டர், "உங்கூட்ல சொல்லி எனக்கொண்ணு பண்ணிக் குடு ரத்தினசாமி" என்றபோது வயிறு பற்றி எரிந்தது. கட்டின பெண்டாட்டி மேல் பொறாமை! யாரிடம் போய்ச் சொல்வது?

"உனக்கெப்பிடிப் புள்ள தெரிஞ்சுது?" என்று நேற்று ராத்திரி அவளிடமே கேட்டான்.

"மாமா சோத்த அள்றதப் பாத்தீங்களா? வெரலு மடங்கறதே இல்லீங்க. மணிக்கட்டுலதான் பலம். இரும்புன்னா ஷாக் அடிக்கும்னு பயம் வேற. துண்டச் சுத்திட்டுத்தான் தொடுவாரு."

"எங்கிட்டச் சொல்லலியே."

"நீங்க கேக்கலீங்களே."

அதற்குமேல் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு ஒரே ஒரு தடவை அய்யன் அந்த இரும்பை இழுத்துவிட்டால் போதும்.

அய்யன் வந்தார். நிலக்கடலை தண்ணீருக்குத் தவித்துக் கிடந்தது. கைப்பிடியைப் பார்த்ததும் சன்னல் பக்கம் ஒருதரம் அவர் கண் போய் வந்தது. தோளிலிருந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தார். வழுக்கியது. முழங்கையால் அழுத்திப் பார்த்தார். கைப்பிடி துள்ளி எழும்பி மணிக்கட்டில் அடித்தது. முகம் சுருங்கியது.

கஞ்சித் தூக்கோடு கருப்பாத்தாள் உள்ளே வந்தாள். "ஏனுங் மாமா, கட்டை எங்கீங்க?"

"நாந்தான் கழட்டி வெச்சேன் அம்மிணி" என்றார் அய்யன், சன்னல் பக்கம் திரும்பாமல். "பையன் அத்தன பாடுபட்டுச் செஞ்சிருக்கறான். அதையும் பழகிக்கோணுமல்லொ."

உள்ளே அய்யன் துண்டை மறுபடியும் இறுக்கிச் சுற்றி, இரண்டு கைகளையும் இரும்பின் மேல் வைத்துத் தொங்கினார். சுவருக்கு இந்தப் பக்கம் ரத்தினசாமியின் கையும் கூடவே வெறுங்காற்றைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது.