முகம் தெரியாத படம்

தம்பி டேரிலின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ஜோலீனின் கைப்பேசி அடித்தது. இரண்டு மணிக்கு அவனுக்கு அடக்கம். அதற்கு முன், அவனுக்கு உடுத்திவிட, சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும்.

பத்திரிகைப் பெண். வருத்தம் தெரிவித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "டேரில் எப்படி இறந்தாருன்னு சொல்ல முடியுமா?"

"பக்கத்து வீட்டுக்குப் புல் வெட்டிக் குடுத்துட்டிருந்தான். மாரடைப்பு."

"ஓ."

தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தால் முதல் பக்கச் செய்தி என்பது ஜோலீனுக்குத் தெரியும்.

"பழைய படத்தையே போட்டுக்கட்டுமா?"

டேரில் ஆப்கானிஸ்தான் போரிலிருந்து திரும்பிய மறுவருடம் அந்தப் பத்திரிகை எடுத்தது. தூக்கம் போனதையும், கார்க்கதவு சத்தத்துக்குத் தரையில் விழுந்து படுப்பதையும் நிருபரிடம் மனம்விட்டுச் சொல்லியிருந்தான். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொள்ளச் சொன்னவன் படம் பிடித்தவன். அதன்பின் டவுன்ஸ்வில் நகரில் எந்தப் படைவீரன் மனம் உடைந்தாலும், எவன் எவனை அடித்தாலும், அதே படம். கீழே டேரிலின் பெயர். பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை பதினாறு நாள்தான் நிலைத்தது. பிள்ளைகளின் பெற்றோர் யாரோ படத்தைப் பார்த்துவிட்டார்கள்.

"வேற தரேன். மீனும் கையுமா சிரிச்சுட்டு நிக்கிறான்."

"அது கட்டுரைக்குப் பொருந்தாதே, ஜோலீன்."

"அப்போ கட்டுரையே வேண்டாம்."

அடக்கம் முடிந்து, தேநீர்க் கூட்டமும் கலைந்த பிறகு, சுவரோரம் ஒருவன் மட்டும் நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"என் பேரு மிட்ச். உங்க தம்பியோட பழக்கமில்ல. நானும் ஆப்கானிஸ்தான் போய்ட்டு வந்தவன்."

பர்சிலிருந்து நைந்த பத்திரிகைத் துண்டை எடுத்துப் பிரித்தான். அந்தப் படம்.

"இதப் படிச்சப்போதான் எனக்கு என்ன ஆயிட்டிருக்குன்னே புரிஞ்சுது. மறுநாளே டாக்டர்கிட்ட போனேன். பொண்டாட்டி இன்னும் கூடத்தான் இருக்கா."

அந்தப் படத்தின்மேல் பத்து வருடம் சேர்த்து வைத்திருந்த வசவு ஜோலீனின் வாய்வரை வந்து நின்றது.

"அவன்கிட்ட சொன்னீங்களா?"

"ரெண்டு தடவ அவர் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். பெல் அடிக்கல."

அவள் மேசையிலிருந்த தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"முட்டை சாண்ட்விச் மிச்சமிருக்கு. சாப்பிடுங்க."

சாப்பிட்டுவிட்டு, கேட்காமலே பாத்திரம் கழுவும் தொட்டியருகே வந்து துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டான். அவள் கழுவக் கழுவ அவன் துடைத்து அடுக்கினான். முப்பது கோப்பைகள். எல்லாப் பிடிகளும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. கடைசிக் கோப்பையை அவளே துடைத்தாள். வரிசையில் வைத்து, பிடியை மற்றவை பார்க்கும் பக்கமே சற்றுத் திருப்பிவிட்டு, விளக்கை அணைத்தாள்.