நான்காவது வில்

அந்த மௌனத்திலிருந்து எங்கள் நால்வராலும் ஒன்றாக வெளியே வர முடியவில்லை.

இசைத்தாளில் சிக்கல் எதுவுமில்லை. மெல்ல வாசித்து நிறுத்துகிறோம், தந்திகளிலிருந்து வில்களைத் தூக்குகிறோம், மௌனம். பிறகு நான்கு சுரங்கள் ஒரே சமயத்தில் ஒலிக்க, படைப்பு முடிகிறது. மௌனம் எவ்வளவு நேரம் என்று இசையமைப்பாளர் ஒரிகாசா எழுதவில்லை. தலையசைத்துக் குறிப்பு கொடுக்கவும் கூடாதாம். தலை அசைந்தால் கேட்பவரின் கண் அங்கே போய்விடும். மௌனம் வெறும் காத்திருப்பாகிவிடும்.

கனாசாவா நகர அரங்கில் காலையிலிருந்து முயன்றோம். ஒவ்வொரு முறையும் படியில் உருளும் பாத்திரங்கள் மாதிரி ஒருவர் பின் ஒருவராக விழுந்தோம். மனதுக்குள் எண்ணிப் பார்த்தோம். ஒன்றாக வந்தது, ஆனால் கடிகாரம் அடித்ததுபோல் உயிரில்லாமல் இருந்தது.

"மதியத்துக்குள்ள வரலைன்னா கடைசி ஒலியை எடுத்துடறேன்," என்றார் ஒரிகாசா. "சாயங்காலக் கச்சேரி அது இல்லாமலே முடியட்டும்." அந்த ஓர் ஒலிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதியிருந்தார்.

"முதல் வயலின் நீங்கதானே, ஹிசாயே? தொடங்குங்க," என்றார் செல்லோ வாசிக்கும் முனெதாகா.

"ஐயோ, மூத்தவர் நீங்க. உங்களுக்கு முன்னாடி நானா?"

"இப்படியே மாத்தி மாத்தி உபசாரம் பண்ணுங்க. வந்தவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க," என்றான் இரண்டாம் வயலின் ரியோகி. வியோலா வாசிக்கும் நான் சிரித்துவிட்டேன்.

சாப்பாட்டுப் பெட்டிகள் வந்தன. முனெதாகாவின் பெட்டியில் ரப்பர் வளையம் சிக்கிக்கொண்டது. நாங்கள் மூவரும் கைகூப்பியபடி காத்திருந்தோம். ஒருவழியாகத் திறந்துவிட்டு அவரும் கைகூப்பினார். சாப்பிடுமுன் நன்றியாகச் சொல்லும் "இத்தாதாகிமாஸ்" என்பதை நால்வரும் ஒரே குரலில் சொல்லிச் சாப்பிடக் குனிந்தோம்.

"இப்ப யாரு தொடங்கினது?" என்று கேட்டேன்.

"யாருமில்ல." ரியோகியின் சாப்பாட்டுக் குச்சிகள் பாதி வழியில் நின்றன. "கடைசிக் கை சேர்ந்ததும் வாய் தானா வந்துச்சு."

"சோறு ஆறிடுமே," என்றார் ஹிசாயே, வயலினை எடுக்க எழுந்துகொண்டே.

"பெட்டிச் சோறு எப்பவோ ஆறிப்போச்சு, வாங்க!" என்றான் ரியோகி.

மீண்டும் வாசித்து அந்த மௌனத்துக்கு வந்தோம். ஹிசாயேயின் வில் தந்தியில் அமர்ந்தது, பிறகு என்னுடையது, பிறகு ரியோகியுடையது. முனெதாகா அவசரப்படவில்லை. கடைக்கண்ணில் அவர் வில் இறங்குவது தெரிந்தது. தொட்டது. நான்கு சுரங்களும் ஒரே உடம்பின் மூச்சுபோல வந்தன.

ஒரிகாசா நாற்காலியில் சரிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஒலியை எடுக்கல. போய்ச் சாப்பிடுங்க."

மௌனக் குறிக்கு மேல் பென்சிலால் எழுதிவைத்தேன்: தயாரானவர் வில்லைத் தந்தியில் வைக்கவும். நான்காவது வில் அமர்ந்ததும் எல்லோரும் இழுக்கவும்.