கருங்காலி மகன்

விடியும் முன்பே கன்வேயர் பெல்ட்டில் பெட்டிகள் வரத் தொடங்கிவிடும். குனிந்து, தூக்கி, அடுக்கி, மறுபடி குனிய வேண்டும். இந்தக் கிடங்குக்கு அடியில்தான் எங்கள் அப்பாக்கள் நிலக்கரி வெட்டிய சுரங்கம் கிடக்கிறது. பிரதமர் தாட்சரின் ஆட்சி அதை மூடியது, சங்கத்தை முறித்தது. ஊரை இரண்டாகப் பிளந்ததே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

எனக்கு எதிரே நின்று அடுக்குகிறவன் கீத் அக்ராய்டு. அந்தப் பெரிய வேலைநிறுத்தத்தின் குளிர்காலத்தில், நாங்கள் நாற்காலியை உடைத்து அடுப்பெரித்தபோது, அவன் அப்பா போலீஸ் காவலோடு வேலைக்குப் போனார். "கருங்காலி வீட்டோட பேசினா நீ என் மகளே இல்ல" என்றார் என் அப்பா. அவர் செத்த பிறகும் நான் பேசவில்லை. ஒரே பெல்ட்டின் இரு பக்கம் நின்றோம், ஊமைகளாக.

அன்று பெல்ட் கீத்தின் கையை உள்ளே இழுத்தது. வேகத்துக்கு இடைஞ்சல் என்று காப்புத் தகட்டை நிர்வாகம் கழற்றிப் போட்டிருந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் சிவப்புப் பொத்தானை அடித்தேன்.

ஆம்புலன்ஸ் போனதும் மேலாளர் சைமன் வந்தான்.

"அவனேதான் தகட்டைக் கழட்டினான்னு சொல்லிருங்க லொரெய்ன். பெல்ட்டைப் போடுங்க, லாரி நிக்குது."

"கழட்டச் சொன்னது நீங்கதானே தம்பி."

குரலைத் தாழ்த்தினான். "கருங்காலி மகனுக்காகவா பேசுறீங்க? உங்கப்பா பட்டினி கெடந்தப்ப அவங்கப்பா என்ன செஞ்சாரு?"

அப்போது இவன் பிறந்திருக்கவே மாட்டான். அந்த வெறுப்பைச் சோறூட்டி வளர்த்தது நாங்கள், அறுவடை இவனுக்கு.

"அவங்கப்பா செஞ்சது துரோகம். சாகுற வரைக்கும் சொல்லுவேன்" என்றேன். "போனது கீத்தோட கை. தகடு மாட்டாம பெல்ட் ஓடாது."

"அப்ப வீட்டுக்குப் போங்க. வெளிய ஆளுங்க காத்திருக்காங்க."

பக்கத்தில் நின்ற போலந்துக்காரி டனூட்டா கையுறையைக் கழற்றி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். "உக்காரக்கூடாதுன்னு சட்டம் போட்டீங்களே. எவ்வளவு சுகமா இருக்கு."

யாரோ சிரித்தார்கள். ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றினார்கள். எல்லோரும் வாசலுக்கு வந்து மழையில் நின்றோம்.

மதியம் கீத் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கே வந்தான். இரண்டு விரல்கள் போயிருந்தன.

"நீ வேலையைப் பாத்திருக்கலாம் லொரெய்ன்" என்றான். "எங்கப்பாவை நானே மன்னிக்கல."

"நானும் மன்னிக்கல. கட்டு நனையுது, குடைக்குள்ள வா."

அடுத்த ஷிஃப்ட்டின் பஸ் வந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் கண்ணாடி வழியே எங்களையும், அவன் கையையும் வெகுநேரம் பார்த்தார்கள். சைமன் வாசலைத் திறந்து வைத்து அழைத்தான். முதலில் இறங்கிய பெண் அந்தப் பக்கம் திரும்பாமல், எங்களை நோக்கி நடந்து வந்தாள்.