ஷட்டருக்கு முட்டுக்கொடுத்த ஆண்டு

அணு ஆயுதப் போருக்கு உலகம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைத் தன் கடையின் ஷட்டர் காட்டுகிறது என்று அறியாமல், தையற்காரர் முதலில் அதற்கு எண்ணெய் விட்டுப் பார்த்தார். எங்கோ இரண்டு நாடுகள் ஏவுகணைகளைக் காட்டி மிரட்டிக்கொண்டால் அது ஒரு சாண் இறங்கும், சமாதானம் பேசினால் நான்கு விரல் ஏறும், கடப்பாறைக்கு அசையாது. தலைநகரத்து அறிஞர் குழுவிடம் இதே ஆபத்தைக் காட்டும் கடிகாரம் ஒன்று உண்டு. ஆண்டுக்கொருமுறை கூடித் தேநீர் அருந்தியபின் அதன் முள்ளை நகர்த்துவார்கள். கடைத்தெருவோ ஷட்டரையே நம்பியது. அது இறங்கிய நாளில் பழக்கடைக்காரர் பாதிச் சரக்குதான் எடுப்பார்.

கடையின் பின்னறையே தையற்காரரின் வீடு. வேறு வாசல் கிடையாது. மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்கியபோது ஷட்டர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. “உன் அக்கா வீட்டுக்கு இப்பவே போயிடேன்,” என்றார். “இந்த வயித்தோட நான் குனியணுமா? உங்க ஷட்டரை நிமிரச் சொல்லுங்க,” என்றாள் அவள். அந்த வாரமே எங்கோ சமாதானம் பேசினார்கள். ஷட்டர் தலைக்குமேல் ஏறியது. அன்று வந்த குழுவின் செயலாளர், கடிகாரம் சும்மா இருக்கும்போது இது மட்டும் ஆடினால் மக்கள் குழம்புவார்கள் என்று அதன் அடியில் இரும்புக் கம்பம் ஒன்றை நட்டார்.

“அடுத்த கூட்டம் வரைக்கும் இதுதான் அளவு.”

“அதுக்குள்ள பிரசவமே ஆயிடும், சார்.”

“அது எங்க துறை இல்லைங்க.”

ஷட்டர் கம்பத்துக்குக் கட்டுப்பட்டது. மனைவியும் நிம்மதியாகி அக்கா வீட்டுப் பேச்சை விட்டுவிட்டாள். சமாதானம் முறிந்ததும், இறங்க முடியாத ஷட்டருக்குப் பதிலாகத் தரை உயரத் தொடங்கியது. கம்பம் மெல்லப் புதைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. தலை இடித்த வாடிக்கையாளர்கள் தாங்கள் வளர்ந்துவிட்டதாக மகிழ்ந்தார்கள். வலி கண்ட காலையில்தான் தையற்காரர் நாடாவைப் பிடித்துப் பார்த்தார்: இடைவெளி முழங்காலளவு. துணி வெட்டும் பலகையில் அவளைப் படுக்கவைத்து உள்ளிருந்து அவர் தள்ள, வெளியிலிருந்து பழக்கடைக்காரர் இழுத்தார். வயிறு விளிம்பில் உரசியது. “மூச்சை இழுத்துப் பிடி,” என்றார் கணவர். “நான் பிடிச்சாச்சு. உள்ள இருக்கறது பிடிக்கணுமே,” என்றாள்.

ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். அந்த ஆண்டும் குழு கூடி, மாற்றமில்லை என்று அறிவித்தது. தரை இன்றும் ஏறி இறங்குகிறது. தையற்காரர் வாசலை அளந்த பிறகே சட்டைக்கு அளவெடுக்கிறார்.

மகள் பள்ளிக்கு வந்த நாள்முதல் ஒவ்வொரு வாசலிலும் நின்று, தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்த பிறகே உள்ளே நுழைந்தாள். யாரும் காரணம் கேட்கவில்லை. நாளடைவில் மற்றப் பிள்ளைகளும், பின்னர் ஆசிரியர்களும் அவ்வாறே நுழைந்தார்கள். அதனால் ஏற்படும் தாமதத்துக்காக முதல் மணியைச் சற்று முன்னதாக அடிக்க ஏற்பாடாயிற்று.