பல் மருத்துவரின் மக்கள் ஆதரவு

உலகில் கருத்துச் சொல்வோர் பலர். காது கொடுப்போர் சிலர். அந்தச் சிலரையும் நாற்காலியில் சாய்த்து, வாயைப் பிளக்க வைத்து, நாக்குக்குக் கீழே எச்சில் உறிஞ்சும் குழாயைச் செருகிய பிறகு தம் கருத்தைக் கேட்க வைக்கும் பேறு, தொழில்கள் அனைத்திலும் பல் மருத்துவத்துக்கே வாய்த்திருக்கிறது.

மருந்துக் கடையின் மாடியில் சிகிச்சையகம் நடத்திவந்த மருத்துவர் அப்பேற்றினைக் குறைவின்றி அனுபவித்துவந்தார். திரைப்படம், அரசியல் ஆகிய இரண்டும் அவருக்கு இரு கண்கள். அவற்றைப் பற்றி அவர் பேசாமல் ஒரு பல்லையும் தொட்டதில்லை. சிறிய பல்லடைப்புக்கு ஒரு படத்தின் முதல் பாதி போதுமானதாக இருந்தது. வேர்ச் சிகிச்சை என்றால் ஓர் ஆட்சியின் ஐந்தாண்டுகளும் தேவைப்பட்டன. கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்கு மட்டும், எதிர்க்கட்சியையும் சேர்த்துக்கொள்வார்.

நோயாளிகள் எழுப்பும் ஒலிகளை அவர் வகைப்படுத்தி வைத்திருந்தார். நீண்ட ‘ஆ’ முழு ஆமோதிப்பு. கண்கள் விரிந்த குறுகிய ‘ஆ’ வியப்பு. கண்ணோரம் நீர் துளிர்த்தால், பேச்சு நெஞ்சைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

“நாட்டு மக்களோட நாடி என் கையில இருக்கு சிஸ்டர்,” என்று வரவேற்பு மேசையிலிருந்த செவிலியரிடம் அவர் அடிக்கடி கூறுவார். “இத்தனை வருஷத்துல ஒருத்தராவது என்னை மறுத்துப் பேசியிருக்காங்களா?”

“எப்படி டாக்டர் பேசுவாங்க? நாடி உங்க கையில, உங்க கை அவங்க வாயில.”

அவர் மனைவியோ கணவரிடம் பல்லைக் காட்டியதே இல்லை. பல்வலி வந்தால் தங்கையைப் பார்க்க வேண்டும்போலிருக்கிறது என்று சொல்லி வெளியூருக்குப் பேருந்து ஏறிவிடுவார். திரும்பி வரும்போது தங்கையின் நலமும் பல்லின் நலமும் ஒருங்கே சீராகியிருக்கும்.

இவர்களுக்கு ஒரே மகள். அவளும் பல் மருத்துவர்தான். பகலில் பெரிய மருத்துவமனை ஒன்றிலும், மாலையில் தந்தையின் சிகிச்சையகத்திலும் பணிபுரிந்தாள். வேலை செய்கையில் அவள் வாய் திறப்பதில்லை. இக்குறை தாய்வழி வந்தது என்று மருத்துவர் வருந்துவதுண்டு.

மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்களைத் தந்தையின் வாய் முறித்திருந்தது. முதல் வீட்டாரிடம், பிள்ளையின் தாய் கண்ணீர் விட்டுக் கொண்டாடிய படம் ஏன் மனித மூளைக்கு நேர்ந்த அவமானம் என்பதை அவர் உணவு மேசையில் விளக்கினார். சோறு ஆறியது, சம்பந்தமும் ஆறியது. இரண்டாம் வீட்டாரிடம் வரிக் கொள்கையைப் பற்றிப் பேசினார். பிள்ளையின் தந்தை வரித்துறை அதிகாரி. மூன்றாவது முறை மகள் தானே ஒருவனைத் தேர்ந்தெடுத்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டார் பேசி முடிக்க வருவதாக ஏற்பாடு. ஆனால் விதியானது ஞாயிறு வரை பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் பிள்ளையின் தந்தைக்குக் கன்னம் வீங்கிவிட்டது.

மகள் மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள்.

“அப்பா, அவங்க அப்பா இப்ப நம்ம கிளினிக்குக்கு வர்றார். கடைவாய்ப் பல். எனக்கு இங்க கேஸ் முடியல, நீங்கதான் பார்க்கணும்.”

“வரட்டும்மா. நம்ம சம்பந்தி இல்லையா, பூ மாதிரி எடுத்துடறேன்.”

“பல்லை எடுங்க. பேச்சை எடுக்காதீங்க. படம் கிடையாது, அரசியல் கிடையாது.”

“அவர் எந்தக் கட்சின்னு மட்டும் சொல்லிடு, ஜாக்கிரதையா இருந்துக்கறேன்.”

“சொல்ல மாட்டேன். சொன்னா அதை ஒண்ணை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் திட்டுவீங்க. அப்புறம் சுத்திச் சுத்தி அங்கயே வந்து நிப்பீங்க. இது மூணாவது, அப்பா. இதையும் கெடுத்தீங்கன்னா நான் வேற ஊருக்கு வேலையை மாத்திக்கிட்டுப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதை மருத்துவர் அறிந்தார். மகளின் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. கோபத்தை அவர் சமாளித்திருப்பார். “சத்தியமா வாயே திறக்க மாட்டேன்,” என்றார். சொல்லும்போது அவர் அதை உண்மையாகவே நம்பினார்.

சம்பந்தியாகவிருந்தவர் கன்னத்தைத் துண்டால் தாங்கியபடி படியேறி வந்தார். கூட்டங்களுக்கு மேடை, நாற்காலி, மைக் செட் முதலியவற்றை வாடகைக்கு விடுவது அவர் தொழில். பருத்த உடல், அதிலும் பருத்த குரல். வலியின் காரணமாக அன்று அக்குரல் பாதியாகியிருந்தது.

“ஞாயித்துக்கிழமை சிரிச்ச முகமா வரலாம்னு பார்த்தேன் டாக்டர். இப்படி வீங்கின முகமா வந்துட்டேன்.”

மருத்துவர் புன்னகைத்தார்; தலையசைத்தார்; நாற்காலியைக் காட்டினார். ஒரு சொல்லும் உதிர்க்கவில்லை. கதவோரம் நின்ற செவிலியர், மருத்துவருக்கே உடம்புக்கு முடியவில்லையோ என்று அஞ்சினார்.

மரத்துப்போவதற்கான ஊசி போடப்பட்டது. சில நிமிடங்கள் கழிந்தன. மருத்துவர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்துப் பல்லைப் பற்றினார். அப்போதுதான் அவர் இதுகாறும் அறியாத உண்மை ஒன்று வெளிப்பட்டது. வண்டிக்கு மாடு எப்படியோ அப்படியே அவர் கைக்கு நாக்கு. நாக்கு நின்றதும் கை நின்றுவிட்டது. எந்தப் பக்கம் அசைப்பது, எவ்வளவு அழுத்துவது என்பவை மறந்துபோயின. குறடு ஒருமுறை வழுக்கியது, மறுமுறையும் வழுக்கியது. சம்பந்தியின் கண்கள் அச்சத்தால் உருண்டன.

தீங்கில்லாத ஏதேனும் ஒன்றைப் பேசினால் கை ஓடும் என்று மருத்துவர் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். மழையைவிடத் தீங்கற்றது எது?

“நேத்து நல்ல மழை,” என்றார்.

“ஆ,” என்றார் சம்பந்தி.

கை அசைந்தது. பல்லும் சற்றே அசைந்தது.

“ஆனா தெருவெல்லாம் தண்ணி. வடிய மாட்டேங்குது.”

“ஆ.”

“எப்படி வடியும்? வடிகால் தோண்டினவன் ஒருத்தன், மூடினவன் ஒருத்தன், திறப்பு விழா நடத்தினவன்...”

மருத்துவர் திடுக்கிட்டார். மழையில் தொடங்கியவர் நான்கைந்து வாக்கியங்களிலேயே அரசாங்கத்தின் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். உடனே வண்டியைத் திருப்பினார். ஆனால் அவர் அறிந்த பாதைகள் மொத்தமே இரண்டுதான். ஒன்றிலிருந்து திரும்பினால் மற்றொன்றில்தான் ஏற முடியும்.

“அதை விடுங்க. மழைன்னதும் ஞாபகம் வருது. போன மாசம் ஒரு படம் வந்துதே, ஹீரோ மழையில நின்னுக்கிட்டே நாப்பது பேரை அடிப்பாரே. பார்த்தீங்களா?”

“ஆஆ!”

இது நீண்ட ‘ஆ’. முழு ஆமோதிப்பு. மருத்துவரின் தோள்கள் தளர்ந்தன. கைக்குப் பழைய நயம் திரும்பியது.

“அதானே! நாப்பது பேரும் வரிசையில நிக்கறான், ரேஷன் கடை மாதிரி. ஒருத்தன் அடி வாங்கிட்டு நகர்ந்தாத்தான் அடுத்தவன் வர்றான். நான் இடைவேளை வரைக்கும்தான் பார்த்தேன். அதுக்கு மேல தூக்கம் வந்துடுச்சு. ஆனா ஒரு நல்ல விமர்சகனுக்குப் பாதி போதும். பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம் இல்லையா?”

“ஆ! ஆஆ!”

“உணர்ச்சிவசப்படாதீங்க, பல் வருது. இதுல கூத்து என்னன்னா, இந்த ஆள் இப்ப கட்சி ஆரம்பிச்சிருக்கார்! படத்துல நாப்பது பேர், கூட்டத்துல நாலாயிரம் பேர். அந்த நாலாயிரமும் வாடகைக் கூட்டம். உக்கார்ற நாற்காலி வாடகை, கத்துற மைக்கு வாடகை. இவனுக்கெல்லாம் மேடை போட்டுக் குடுக்கிறானே, அவனைச் சொல்லணும்!”

சம்பந்தியின் கால்கள் இரண்டும் உயர்ந்து தாழ்ந்தன. கைகள் நாற்காலியின் விளிம்பை இறுகப் பற்றின. கண்ணோரம் நீர் துளிர்த்தது. தம் வாழ்நாளில் இவ்வளவு கூர்ந்த ரசிகரைச் சந்தித்ததில்லை என்று மருத்துவர் நெகிழ்ந்தார். அந்நெகிழ்ச்சியிலேயே ஒரு சுழற்றுச் சுழற்றிப் பல்லை வெளியே எடுத்தார். வேர் முறியாமல், துளியும் சிதையாமல் வந்த அந்தப் பல் அவருடைய தொழில்திறனுக்குச் சான்றாக மின்னியது.

“பூ மாதிரி வந்துடுச்சு பாருங்க!” பஞ்சுத் திண்டு ஒன்றை ஈறுமேல் வைத்தார். “நல்லா கடிச்சுக்கங்க. அரை மணி நேரம் வாயே திறக்கக் கூடாது. பேசினா ரத்தம் நிக்காது.”

சம்பந்தி எழுந்தார். மருத்துவரை ஒரு பார்வை பார்த்தார். பல் போன பின்பும் கடிக்க முடியும் என்பதை அப்பார்வை தெளிவுபடுத்தியது. பின்னர் வரவேற்பறைக்குச் சென்று, சுவரைப் பார்த்தவாறு அமர்ந்தார்.

“இவர் ஏன் சிஸ்டர் இப்படி முறைக்கிறார்?” என்று மருத்துவர் மெல்லக் கேட்டார்.

“உங்களுக்குத் தெரியாதா டாக்டர்? அந்த நடிகரோட முதல் ரசிகர் மன்றத்தை ஆரம்பிச்சதே இவர்தான். இப்ப அந்தக் கட்சிக்கு இந்த வட்டாரத்துல மேடை போடறதும் இவர்தான், காசு வாங்காம. பட்டன்ல போட்டோ இருக்கு, பார்க்கலையா?”

சட்டைப் பொத்தானில் நடிகரின் படம் இருந்திருக்கிறது. மருத்துவர் பல்லைத்தான் பார்த்தார்.

அவ்வேளையில் மகள் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். சம்பந்தியின் முகத்தைக் கண்டாள். தந்தையின் முகத்தைக் கண்டாள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அப்பா.”

“நான் மழையைப் பத்தித்தாம்மா பேசினேன்.”

“அப்பா.”

“அவரும் ஒத்துக்கிட்டார்...”

மகள் கைப்பையை மேசைமீது வைத்துவிட்டு, சம்பந்திக்கு அருகில் அமர்ந்தாள். அவளுடைய கைகள் மடியில் ஒன்றையொன்று பற்றியிருந்தன. அதைக் கண்ட மருத்துவருக்கு முதன்முறையாகச் சொல்வதற்கு எதுவும் தோன்றவில்லை. பஞ்சைக் கடித்தவர் ஒருவர், உதட்டைக் கடித்தவள் ஒருத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டவர் ஒருவர் என மூவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தனர்.

நேரம் வந்ததும் சம்பந்தி பஞ்சை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். கீழுதட்டின் ஒரு பாதி இன்னும் மரத்துத் தொங்கியது.

“நான் வீட்டுக்குப் போறேம்மா. ஞாயித்துக்கிழமை வர்றதா இல்லையான்னு அப்புறம் சொல்றேன்.”

“மாமா, ஒரு நிமிஷம்.” மகள் எழுந்தாள். “அவர் பேசினார், நீங்க கேட்டீங்க. உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழியில்ல. அது நியாயமில்ல. நீங்க பேசுங்க, அவர் கேக்கட்டும்.”

“உங்கப்பாவா? கேக்கறதா? குறுக்கப் பேச மாட்டாரா?”

“பேச முடியாது. அப்பா, உங்க பல்லுல கறை எடுத்து எத்தனை வருஷம் ஆச்சு? வந்து படுங்க.”

மருத்துவர் மறுக்க வாயெடுத்தார். மகளின் கண்களைப் பார்த்தார். பிறகு, தாம் எண்ணற்றோரைச் சாய்த்த அதே நாற்காலியில் தாமே சாய்ந்தார். நாக்குக்குக் கீழே குழாய் செருகப்பட்டது. கறை எடுக்கும் கருவி ரீங்காரமிட்டது.

சம்பந்தி சக்கர முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

“வாடகைக் கூட்டமா? எங்க தலைவர் கூட்டத்துக்கு நான் போட்ட நாற்காலி பத்தலைன்னு ஜனங்க மரத்து மேல ஏறி உக்கார்ந்தாங்க. மரம் என்ன வாடகையா?”

“ஆ!” என்றார் மருத்துவர். மரத்தில் ஏறியவர்கள் மாங்காய்க்கு ஏறியிருக்கலாமே என்பது அதன் பொருள்.

“பாத்தியாம்மா, ஒத்துக்கறார். அந்த மழைச் சண்டை இருக்கே, இடைவேளைக்கு அப்புறம்தான் அந்த நாப்பது பேரும் யாருன்னு தெரியும். நாப்பதும் நாப்பது துறை அமைச்சர்! ஊழலைத்தான் தலைவர் வரிசையா அடிக்கிறார். பாதியில தூங்கினா எப்படிப் புரியும்?”

“ஆஆ! ஆ!”

“இப்பத் தெரியுதா? அழாதீங்க டாக்டர். எனக்கும் அந்த இடத்துல அழுகை வந்துச்சு.”

கருவியின் நீர் தெறித்ததால் மட்டுமே கண் கலங்கியது என்று தெரிவிக்க மருத்துவர் கைகளை உயர்த்தினார். சம்பந்தியோ அக்கைகளைப் பற்றிக் குலுக்கினார். கதவோரம் நின்ற செவிலியர் முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

பேசப் பேசச் சம்பந்தியின் கோபம் வடிந்தது. மறுப்பு வராத இடத்தில் எத்தனை நேரந்தான் ஒருவர் கோபமாக இருக்க முடியும்? முகம் மலர்ந்தது, மரத்த பாதி நீங்கலாக.

“நல்லா கேக்கிறீங்க சம்பந்தி. மனசு விட்டுப் பேசினா எல்லாம் சரியாயிடுது.” ‘டாக்டர்’ என்ற விளி ‘சம்பந்தி’ ஆகிவிட்டதை மகள் கவனித்தாள், அவள் கை ஒரு நொடி நின்று மீண்டும் ஓடியது. “இப்ப சொல்றேன், கேளுங்க. கல்யாணத்துக்கு எங்க தலைவரைக் கூட்டிக்கிட்டு வர்றேன். மேடை என்னோடது, மைக் என்னோடது. பொண்ணோட அப்பாங்கற முறையில நீங்கதான் தலைவரை வரவேத்துப் பேசணும். ஆயிரம் பேருக்குக் குறையாது. சம்மதமா?”

மருத்துவரின் உள்ளத்தில் பெரும் போர் மூண்டது. கொள்கை ஒருபுறம் நின்றது. அந்த நடிகரைப் புகழ்வதா? தூங்கி எழுந்த படத்தைப் போற்றுவதா? மறுபுறம் ஒலிபெருக்கி நின்றது. ஆயிரம் பேர். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். யார் வாயிலும் கையை வைக்க வேண்டியதில்லை. இதுகாறும் ஒருநேரத்தில் ஒருவரிடம் மட்டுமே பேசி வந்த மனிதருக்கு இது சிறிய செய்தியன்று. மேலும், எந்தப் படமாயினும் முதல் பாதியைப் பாராட்டினால்தானே இரண்டாம் பாதியை நடுநிலையோடு விமர்சிக்க முடியும்?

மகள் கருவியை நிறுத்தினாள். குழாயை வெளியே எடுத்தாள். தந்தையையே பார்த்தாள். மருத்துவர் எழுந்து அமர்ந்து, வாயைக் கொப்புளித்துத் துப்பினார்.

“எவ்வளவு நேரம் பேசலாம்?” என்று கேட்டார்.

மகள் கண்களை மூடித் திறந்தாள். பிறகு அன்று மாலையில் முதன்முறையாகச் சிரித்தாள்.

“எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க சம்பந்தி,” என்றார் மைக் செட்டின் உரிமையாளர். “ஸ்விட்ச் என் கையிலதான் இருக்கும்.”

கடைசியாகக் கூறிய வாக்கியம் மருத்துவரின் செவியில் ஏறவில்லை. அவர் அதற்குள் தொண்டையைச் செருமத் தொடங்கியிருந்தார்.